நந்தை கீரனைத் தேடி

இற்றைக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாட்காலை, எங்கள் பிராசீன பாடசாலையிலே பாலபண்டித வகுப்பு மாணவர்க்குப் பட்டினப்பாலை நடத்திக்கொண்டிருந்தேன். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகம் பற்றிய பகுதி. கடல்வழி வந்திறங்கிய குதிரைகளையும், நிலவழி வந்த மிளகுப் பொதிகளையும், சுங்கங் கொள்வோர் பண்டங்களின்மேற் புலிப்பொறி இட்டுக் காவல் செய்ததையும் விரித்துச் சொன்னேன். அத்தோடு நில்லாமல் அகநானூற்றுக்குத் தாவி, யவனர் முசிறிக்குப் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிப்போன செய்தியையும் சொல்லிப் பெருமிதத்தோடு புத்தகத்தை மூடினேன்.

பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, வந்தவர்களைப் பற்றி இவ்வளவு சொன்னீர்கள். இங்கேயிருந்து கப்பலேறிப் போனவர்களில் ஒருவனுடைய பெயராவது தெரியுமா?"

எனக்கு அப்போது வயது முப்பது. 'தெரியாது' என்று சொல்லக் கூசும் வயது. "மன்னர் பெயரையும் புலவர் பெயரையும் முதலிற் பாடமாக்கு, தண்டு வலிப்பவன் பெயரைப் பிறகு பார்க்கலாம்" என்றேன். வகுப்புச் சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். நான் சொன்னது விடையன்று என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும் என்பதை அவன் முகம் சொல்லிற்று.

அக்கேள்விக்கு விடை ஆசிரியன் வாயிலிருந்து வரவில்லை, மண்ணிலிருந்து வந்தது. ஓமான் நாட்டின் தென்கோடியிலே, தோபார் மாகாணத்துக் கடற்கரையிலே, சும்ஹுரம் என்ற பழைய துறைமுக நகரை இத்தாலியின் பீசாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 1997 தொட்டு அகழ்ந்து வந்தார்கள். 2006இல் அங்கே மக்கள் வாழ்ந்த வீட்டுப் பகுதியிலிருந்து எழுத்துக் கீறிய ஓட்டுத் துண்டு ஒன்று கிடைத்தது. 2012இல் கேரளத்தில் நடைபெற்ற ஒரு மட்கல ஆய்வரங்கிலே தமிழ்நாட்டு அறிஞர் கண்ணில் அது பட்டபோதுதான் அதன் சிறப்பு வெளியாயிற்று. எழுத்துத் தமிழ்ப் பிராமி, காலம் கி.பி. முதலாம் நூற்றாண்டளவு; வாசகம் ஒரு பெயர் மட்டுமே: நந்தை கீரன்.

பத்திரிகையில் அச்செய்தியைப் படித்த அன்றே அந்தப் பின் வாங்கு மாணவன் நினைவுக்கு வந்தான். ஆயினும் ஓமான் போவது பண்டிதன் ஒருவன் சம்பளத்துக்குள் அடங்குகிற காரியமன்று. சலாலாத் துறைமுகத்திலே வேலை பார்க்கும் என் தமக்கை மகன் சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறைக்குப் பயணச் சீட்டு எடுத்து அனுப்பினான். "மாமா, ஒரு கிழமை வந்து நில்லுங்கோ; நீங்கள் சொல்லுகிற அந்த இடம் இங்கையிருந்து ஒரு மணித்தியாலம் இல்லை" என்று எழுதியிருந்தான். போனேன்.

அறபு நாடென்றால் மணலும் வெயிலும் என்றே எண்ணியிருந்தேன். சலாலாவில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. யூன் நடுப்பகுதி முதல் செத்தெம்பர் நடுப்பகுதி வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கரையைத் தடவிச் செல்கிறது. அறபிலே இலையுதிர் காலத்தைக் குறிக்கும் 'கரீஃப்' என்ற சொல் இங்கே கார்காலத்துக்குப் பெயராகிவிட்டது. காற்றை முகத்தில் ஏற்றபோது எனக்கு ஐயமிருக்கவில்லை. இது எங்கள் சோளகமே. யாழ்ப்பாணத்திலே அது பனையோலையைச் சலசலக்கச் செய்து புழுதி வாரியிறைக்குமேயன்றி மழை தருவதில்லை. இங்கோ மலையோடு மோதி மூடுபனியாகவும் நுண்தூறலாகவும் இறங்குகிறது. வீதியோரம் நெடுகத் தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம், பப்பாசி. ஓலைக் கொட்டில்களிலே இளநீர் சீவிக் கொடுக்கிறார்கள். எங்கள் ஊர் ஒழுங்கை ஒன்றைப் பெயர்த்துக்கொண்டுவந்து மலையடியில் வைத்தாற்போல இருந்தது.

மருமகன் தங்கியிருந்த வீட்டில் பதினொரு பேர். சமையலறை பொது. விடியற்காலையில் தேநீர் போட எழுந்து சென்றேன். தட்டிலே சட்டி பானைகள் வரிசையாகக் கவிழ்த்திருந்தன. ஒவ்வொன்றின் மூடியிலும் பெயர்: ஒன்றில் மலையாளம், ஒன்றில் வங்காளம், ஒன்றில் சிங்களம். மருமகனுடைய பானை மூடியிலே ஆணியாற் கீறியதுபோல அவன் பெயர் தமிழில் இருந்தது. "பெயர் போடாவிட்டால் மாறிப்போயிடும் மாமா, பிறகு சண்டை" என்றான்.

ஏழு மணிக்கு வழிகாட்டி வண்டியோடு வந்தார். தோபார் மலைவாசி, நாற்பது வயதிருக்கும், வண்ணத் துணியைத் தலையிலே சுற்றியிருந்தார். எங்களோடு கொல்லத்திலிருந்து மகளைப் பார்க்க வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியாரும் சேர்ந்துகொண்டனர். வழிகாட்டி ஆங்கிலம் பேசினார். கேரளத்தாருடன் பழகிப் பழகி மலையாளமும் ஓரளவு வந்தது. நான் தமிழை நிறுத்தி நிறுத்திச் சொன்னால் பாதியைப் பிடித்துக்கொண்டார். அன்றைய நாள் திட்டம் இது: முதலில் வடக்கே மலையைக் கடந்து குந்துருக்க மரங்கள், பின்னர்க் கரைக்கு மீண்டு அல் பலீத், அப்பால் கிழக்கே தாக்கா வழியாகச் சும்ஹுரம், மாலையில் தர்பாத் பள்ளத்தாக்கு. நான் கடைசிக்கு முந்தியதற்காகவே வந்தவன். மற்றவற்றைப் பொறுமையோடு பார்க்க வேண்டுமே என்ற எண்ணத்தோடுதான் ஏறினேன் என்பதை ஒளிப்பானேன்?

மலையேறுகையில் பத்தடிக்கப்பால் ஒன்றுந் தெரியவில்லை. மூடுபனிக்குள்ளே பசும்புல், அதன்மேல் மாடுகள். நுவரெலியாப் பக்கம் போகிறோமோ என்று மருமகனைக் கேட்டேன். ஒட்டகங்கள் மட்டும் அங்கில்லை. கார்காலத்திலே மலைநிலம் வழுக்குமாதலால் அவற்றைக் கீழே சமவெளிக்கு இறக்கிவிடுவது இவர்கள் வழக்கமாம். மலையுச்சியைத் தாண்டினோம். திரையொன்றை வெட்டி எறிந்தாற்போலப் பனி நின்றது. மறுபக்கம் சுள்ளென்ற வெயில், கல், புழுதி. ஒரு மலையின் இருபுறத்தில் இரு தேசம். ஈரக்காற்று எட்டாத அந்த வறண்ட பக்கத்திலேதான் குந்துருக்க மரம் செழிக்கிறது. மழை முகத்தில் அன்று, மழையின் மறைவிலே வளருகிற செல்வம் அது.

சலாலாவிலிருந்து நாற்பது கிலோமீற்றர் அளவில் உள்ள தவ்கா என்னும் வறண்ட ஆற்றுப்படுகையிலே அம்மரங்களைக் காப்பிட்டு வைத்திருக்கிறார்கள். தவ்கா, சும்ஹுரம், அல் பலீத், பாலைவன ஓரத்துச் சிஸ்ர் ஆகிய நான்கையும் சேர்த்து 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியது. மரத்தைப் பார்த்ததும் ஏமாற்றமே உண்டாயிற்று. ஆள் உயரம், சிலது இரண்டாள் உயரம். அடியிலிருந்தே பல கிளையாகப் பிரிந்து, முறுக்கிய கொம்பும் காகிதம்போல் உரியும் பட்டையுமாக நிற்கிறது. உரோமாபுரியின் பொன்னை ஈர்த்த மரம் இதுவா என்று தோன்றிற்று.

வழிகாட்டி ஒரு பழைய வெட்டைக் காட்டினார். 'மன்கஃப்' என்ற சிறு கத்தியாற் பட்டையைச் சுரண்டிவிட்டால் பால் கசிந்து துளியாகக் கட்டும். முதற் சுரண்டலில் வருவது பயன்படாது. ஏறத்தாழ இரு கிழமை கழித்து மறுபடி சுரண்ட வேண்டும். அதற்குப் பின் வருவதே விலைபோகும். அளவுக்கு மிஞ்சிச் சுரண்டினால் மரம் நலியும். எப்போது நிறுத்துவது என்பதுதான் தொழில் என்றார் அவர். ஒரு துளி வெட்டின் ஓரத்தில் உறைந்து நின்றது. முத்துப்போல வெண்மையன்று, நிலாவொளிபோல மங்கலான வெண்மை. ஹோஜரி என்ற வகையே தலையாயது என்றார்.

கொல்லத்து ஆசிரியர், "நாங்கள் இதைக் குந்திரிக்கம் என்போம்" என்றார். எங்களிடையே பெயர்க் குழப்பம் பெரிது. குந்துருக்கம் என்று அகராதி சொல்வதை மக்கள் அறியார். சாம்பிராணி, குங்கிலியம் என்று வாசம் தருகிற பிசினெல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டோம். மூன்றும் வேறு வேறு மரத்துப் பிசின்கள். கிறித்தவ வேதத்தின் தமிழ்மொழிபெயர்ப்பாளர் இன்னும் தந்திரமாகத் தூபவர்க்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். வழிகாட்டியிடம் அறபுப் பெயரைக் கேட்டேன். வழக்கில் 'லுபான்' என்றார். பிறகு, "பழைய மருத்துவ நூல்களிலே குந்துர் என்றும் வரும்" என்றார். வடமொழியிலே குந்துரு. பண்டம் போன வழியெல்லாம் பெயரும் கூடப் போகும் என்பதை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். மரத்தடியில் நின்று கேட்டது அதுவே முதன்முறை.

கரைக்கு மீண்டோம். அல் பலீத் நடுக்காலத்து ளஃபார் நகரின் இடிபாடு. கடலுக்கும் காயலுக்கும் இடையே நீண்டு கிடக்கிறது. பெரும்பள்ளிவாசலின் தூணடிகள் நூற்றுக்கு மேல் வரிசை பிடித்து நிற்கின்றன. கூரை இல்லை, தொழுவோரில்லை, காற்று மட்டும் ஊடே போய்வருகிறது. மார்க்கோ போலோ இந்நகரைக் குறித்திருக்கிறான். எங்கள் பாடநூல்களில் 1344இல் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு விருந்துண்டவனாக வரும் இபின் பத்தூத்தாவும் இங்கு வந்து தங்கினவன். தென்னையும் வெற்றிலையும் இந்தியாவுக்கு வெளியே இந்நகரிலே கண்டு, படிப்பவர்க்கு அவை இன்னவையென விளக்கியிருக்கிறான். இங்கிருந்து குதிரைகள் இந்தியாவுக்கு ஏற்றப்பட்டதையும், கள்ளிக்கோட்டையிலிருந்து இக்கரைக்குத் தான் 28 நாளில் ஓடிவந்ததையும் எழுதிவைத்தான். பாண்டியர் பொன்னைக் கொட்டி வாங்கிய குதிரைகளில் ஒரு பகுதி இந்த மணலைக் கடந்துதான் கப்பலேறியிருக்கும்.

அருகே சேரமான் பெருமாள் சமாதி என்று கேரளத்தார் போற்றும் அடக்கத்தலம் ஒன்றுண்டு. கொல்லத்து ஆசிரியரின் மனைவியார் அங்கே போக விரும்பியமையால் வண்டியைத் திருப்பினோம். இசுலாத்தைத் தழுவி மக்கா சென்ற சேர மன்னன் மீளும் வழியிற் காலமானான் என்பது கேரளத்து மரபு. அவன் ளஃபாரில் அடங்கினான் என்ற மக்கள் நம்பிக்கையைப் பதினாறாம் நூற்றாண்டினரான ஸைனுத்தீன் மக்தூமும் எழுதுகிறார். பெரிய புராணம் படித்த எனக்கு இது சங்கடந் தந்தது. எங்கள் சேரமான் பெருமாள் நாயனார் சுந்தரரைப் பின்தொடர்ந்து திருவஞ்சைக்களத்திலிருந்து குதிரையேறிக் கயிலை போனவரல்லவா? 'சேரமான் பெருமாள்' என்பது ஒருவர் பெயரன்று, பலர்க்கு உரிய பட்டம் என்று சொல்லி மனத்தைச் சமாதானஞ் செய்தேன். எனினும் அங்கே அந்த அம்மையார் கண்மூடி நின்றபோது வரலாறு பேச வாயெழவில்லை. மேற்குக் கரையிலிருந்து அரசனொருவன் இக்கடலைக் கடந்து போனான், திரும்பவில்லை என்பதை நாட்டு மக்கள் நெடுங்காலமாக நினைவில் வைத்திருக்கிறார்கள். அவனுக்குப் பட்டமாவது எஞ்சிற்று.

தாக்காவில் கோட்டையொன்று உண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டினது, பார்த்தோம். மீனும் சோறும் உண்டோம். அவ்வளவே.

பிற்பகல் மூன்று மணியளவிலே கோர் ரோரி வந்தது. 'கோர்' என்றால் கடற்கழி. மலையிலிருந்து இறங்கும் நீர் அகன்ற கழியாகித் தேங்கி நிற்கிறது. கடலோடு அது கலந்த வாய் இப்போது மணற்றிட்டால் அடைபட்டிருக்கிறது. வாயின் இருபுறமும் மேசைபோலத் தட்டையான இரு பாறை முனைகள் காவல் நிற்கின்றன. உள்ளே கப்பல் ஒதுங்க இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. கழியின் கிழக்குக் கரை மேட்டிலே சும்ஹுரம். மதிலுக்குட்பட்ட பரப்பு ஒரு ஹெக்டேயருக்குக் குறைவு. எங்கள் பாடசாலை விளையாட்டிடத்தை விடச் சற்றே பெரிது. இவ்வளவு சிறிய ஊரா என்று மருமகன் வாய்விட்டே கேட்டான்.

ஹத்ரமௌத் அரசர் குந்துருக்க வாணிகத்தைத் தம் கைப்பிடிக்குள் வைத்துக்கொள்ளக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எழுப்பிய நகர் இது, கி.பி. ஐந்தாம் நூற்றாண்டிற் கைவிடப்பட்டது. கிரேக்க மாலுமி ஒருவன் முதலாம் நூற்றாண்டிலே எழுதிய பெரிப்புளூஸ் என்னும் கடல்வழி நூல் குறிக்கும் மொஸ்கா என்ற துறை இதுவே என அறிஞர் கொள்வர். அந்நூல் சொல்லும் செய்தி ஒன்று தமிழ் படித்தவன் நெஞ்சைப் பிடிப்பது. லிமிரிகேயிலிருந்தும், அதாவது முசிறி முதலிய துறைகளையுடைய எங்கள் மேற்குக் கரையிலிருந்தும், பரியகசாவிலிருந்தும் புறப்பட்டுப் பருவம் பிந்தி வந்த கப்பல்கள் இங்கே காலங்கழித்து நிற்குமாம். நிற்கையிலே அரசனுடைய ஆட்களோடு பேசிப் பருத்தித் துணியும் தானியமும் எண்ணெயும் கொடுத்துக் குந்துருக்கம் ஏற்றிக்கொள்ளுமாம். துறையிலே குவித்திருந்த குந்துருக்கத்துக்குக் காவல் தெய்வமே. அரசன் அனுமதியின்றி ஒரு துளியை மறைத்து ஏற்றினாலும் கப்பல் நகராதென்று நம்பினார்கள். காவிரிப்பூம்பட்டினத்துக்குப் புலிப்பொறி, இவர்களுக்குத் தெய்வம். சுங்கக்காரரின் வேலை எந்நாட்டிலும் கடினமானதே.

நேரே உள்ளே போக முடியாதபடி வளைந்து வளைந்து செல்லும் வாயில். அதன் சுவர்க் கல்லிலே பெரிய எழுத்துக்கள். கோணமும் வட்டமுமாக, உளி பிறழாமல், அளவெடுத்து வெட்டியவை. 'முஸ்னத்' என்ற தென்னறபுப் பழைய எழுத்து, 29 மெய்யெழுத்து, வலமிருந்து இடமாகச் செல்வது. அரசனுடைய படைத்தலைவன் அவன் ஆணைப்படி இந்நகரைச் சமைத்த செய்தி அதிலுள்ளது. எழுத்தைத் தொடாமல் விரலை அதன்மேல் ஓடவிட்டேன். அரசன் பெயர், அவன் பணியாளன் பெயர், நகரின் பெயர் எல்லாம் அங்கே இருக்கின்றன. நான் தேடிவந்த பெயர் இந்தக் கல்லில் இராது.

வழிகாட்டியிடம், "இங்கே தமிழ் எழுத்துள்ள ஓடொன்று அகப்பட்டது, அதை எங்கே வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டேன். அவர் அதனை அறியார். காலையில் அல் பலீத்தில் உள்ள நூதனசாலையிலும் நான் கண்ணாடிப் பெட்டி பெட்டியாகத் துருவிப் பார்த்தேன். அன்று என் கண்ணில் அது படவில்லை. 1950களில் வெண்டெல் பிலிப்ஸ் என்ற அமெரிக்கர் இங்கு அகழ்ந்தபோது இந்திய வேலைப்பாடுடைய வெண்கலப் பெண்ணுருவம் ஒன்று கிடைத்த கதையை வழிகாட்டி அறிந்திருந்தார். அழகான சிலையைப் பற்றி யாரும் சொல்லுவார்கள். ஓட்டுத் துண்டைப் பற்றி யார் சொல்லுவார்?

வீடுகள் இருந்த பக்கம் போய் ஒரு தாழ்ந்த சுவரிலே உட்கார்ந்தேன். குறிப்புப் புத்தகத்தை எடுத்து அப்பெயரைப் பிராமி எழுத்தில் வரைந்து வழிகாட்டிக்குக் காட்டினேன். அது முழுப் பானையன்று என்பதையும் சொன்னேன். உடைந்துபோன ஒரு கலத்தின் தோட்பாகத்தை வட்டமாகத் தட்டியெடுத்து மூடியாக்கியிருக்கிறார்கள். புறத்தே அடுப்புக் கரி படிந்திருந்தது. 'கீரன்' சங்க காலத்திலே பெருவழக்கான பெயர். நக்கீரர் முதலாகப் புலவர் பலருக்கு அப்பெயருண்டு. 'நந்தை' என்பதன் ஈற்றில் உள்ள 'அந்தை' மதிப்புக் குறித்து வருவதென்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் விளக்கினார். பிசிராந்தையார் பெயரைப் படித்தவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது.

கொல்லத்து ஆசிரியர் கணிதம் படிப்பித்தவர், எளிதில் விடமாட்டார். "பானை வந்தது சரி. பானைக்காரன் வந்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்றார்.

நியாயமான கேள்வி. எங்கள் நாட்டிலும் தமிழ்நாட்டிலும் இத்தகைய ஓடொன்று அகப்பட்டால் அதன்மேல் ஒரு பேரரசையே எழுப்பிவிடுவார் பலர். அறபு நாட்டைத் தமிழன் ஆண்டான் என்று மேடையிலே பேச நாலெழுத்துப் போதும். நான் அந்தக் கூட்டத்திற் சேர மாட்டேன். எண்ணெய்ச் சாடியோ நெய்ச் சாடியோ கைமாறிக் கைமாறி எங்கும் போகலாம்; அதிலுள்ள பெயர் கொடுத்தவன் பெயராகவோ கொண்டவன் பெயராகவோ இருக்கலாம். ஆனால் உடைந்த ஓட்டைத் தூர எறியாமல், விளிம்பைத் தட்டி வட்டமாக்கி, உலைமேல் மூடிவைத்துச் சமைக்கிறவன் வாணிகப் பண்டத்தைக் கையாளுகிறவனல்லன். அவன் அங்கே குடியிருக்கிறான். அரிசி கொதித்துப் பொங்குவதையும், பக்கத்தில் இருப்பவன் தன் பானையை எடுத்துவிடுவதையும் பற்றிக் கவலைப்படுகிறான். எங்கள் எழுத்து அவ்வீட்டு அடுப்பின்மேல் இருந்திருக்கிறது. இதுவே நான் சொல்லத் துணிவது, இதற்குமேற் சொல்லமாட்டேன்.

இவ்வோடு தனியே நிற்பதுமன்று. எகிப்தின் செங்கடற் கரையிலே குசெய்ர் அல் கதீம் என்ற துறையில் கண்ணன், சாதன் என்ற பெயர்கள் கிடைத்தன. பெரெனிகே என்ற துறையில் 1995இல் கொறபூமான் என்ற பெயர் கிடைத்தது. எல்லாம் மட்கலத்து ஓடுகளே. மன்னர் எவருடைய பெயருமில்லை, பட்டமும் விருதுமில்லை. கல்லிலே பெயர் வெட்டுவித்தவன் படைத்தலைவன். மண்ணோட்டிலே பெயர் கீறியவன் யாரோ ஒரு கீரன், ஒரு கண்ணன். பெயர் கீறத் தெரிந்த சாதாரண மனிதர் அன்று எங்கள் கரைகளிலிருந்து புறப்பட்டார்கள் என்பது எனக்குப் பேரரசைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. புலவர் பெயரை மாணவர்க்குப் பாடமாக்குவித்த நான், எழுதத் தெரிந்தவனெல்லாம் புலவனென்றும் மற்றவன் தண்டு வலிப்பவனென்றும் அந்நாளில் எண்ணியிருந்தேன் போலும். மருமகன் ஒன்றும் பேசாமல் என் குறிப்புப் புத்தகத்திலிருந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காற்று வலுத்தது. கார்காலத்தில் இக்கடலிலே சிறுபடகு இறங்காது. கீரனும் இதே மேட்டில் நின்று, இதே சோளகத்தை நோக்கி, இது தணிந்து கப்பல் விட எத்தனை நாள் என்று எண்ணியிருப்பான். அவனைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதும் இந்தக் காற்றே. முற்றி அடிக்கும்போது வழியை அடைத்து வைப்பதும் இந்தக் காற்றே.

தர்பாத்துக்கு ஏறியபோது வெளிச்சம் மங்கிற்று. மலை விளிம்பிலிருந்து நீர் திரைதிரையாக விழுந்துகொண்டிருந்தது. குடும்பம் குடும்பமாக வந்து தூறலில் நனைந்தபடி இறைச்சி சுட்டு உண்கிறார்கள். நனைவதற்காகவே பாலைவன ஊர்களிலிருந்து வந்தவர்கள். வழிகாட்டி அவ்விடத்திலேதான் பிறந்தவர். மாடு மேய்த்த ஒரு கிழவியாரைக் கண்டு வண்டியை நிறுத்தி ஏதோ பேசினார். அது அறபாக ஒலிக்கவில்லை. காதுக்குப் புதிதான சில ஒலிகள் அதில் இருந்தன.

"எங்கள் மலைப்பேச்சு, ஷெஹ்ரி என்போம். அறபிகளுக்கு விளங்காது" என்றார். சற்றுநேரம் வண்டியை ஓட்டினார். பிறகு, "என் தாய் தன் பாட்டையும் கதையையும் இந்தப் பேச்சிலேதான் சொல்லுவாள். அதற்கு எழுத்தில்லை. நான் பள்ளியில் எழுதியதெல்லாம் அறபு. உங்கள் பானைக்காரன் இரண்டாயிரம் வருடத்துக்கு முன் தன் பேச்சில் பெயர் எழுதினான், நான் இன்றைக்கும் என் பேச்சில் எழுதியதில்லை" என்றார்.

எதைச் சொல்லி ஆற்றுவது? இப்போது பல்கலைக்கழகங்களிலே அம்மொழியை ஒலி ஒலியாகப் பதிந்து ஆராய்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். இறங்கும்போது என் குறிப்புப் புத்தகத்தை வாங்கித் தம் தாயின் பெயரை மெல்லச் சொன்னார். தமிழெழுத்திலே அப்பெயருக்குரிய ஒலிகள் இரண்டு அடங்கவில்லை. அடங்கிய அளவுக்கு எழுதித் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் கடைத்தெருவில் அரைக் கிலோ ஹோஜரி வாங்கினேன். நாலு அஞ்சலட்டையும் வாங்கினேன். ஒன்றை அந்தப் பின் வாங்கு மாணவனுக்கு எழுதினேன். அவன் இப்போது வன்னியிலே ஒரு பாடசாலையில் தமிழாசிரியன். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. "நீ கேட்ட பெயர்: நந்தை கீரன். ஊர் சும்ஹுரம். சமையற்காரனாகவும் இருக்கலாம். அன்று உன்னை உட்கார வைத்தது பிழை" என்று எழுதித் தபாலிற் சேர்த்தேன்.

நான் ஊர் திரும்பி மூன்று கிழமைக்குப் பின் அவனிடமிருந்து கடிதம் வந்தது. அட்டையை வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறானாம். அதைப் படித்த ஒரு மாணவி எழுந்து கேட்ட கேள்விக்குத் தனக்கு விடை தெரியவில்லையென்றும், தெரியாதென்றே அவளுக்குச் சொல்லிவிட்டதாகவும், ஐயாவுக்குத் தெரிந்தால் எழுதவேண்டுமென்றும் முடித்திருந்தான்.

அவள் கேட்டது: "அவன் திரும்பி வந்தானா?"